டார்லா நின்ற இடம்

தண்ணீர் கேனை க்ரெட்லோ காலால் உதைத்துத் தள்ளவில்லை. உதைத்திருந்தால் ஏதோ கோபம், நிதானம் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளவாவது முடியும். அவர் மூடியைத் திருகிக் கழற்றினார். கேனை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் பார்க்கும்படி மெதுவாகப் புல்லில் ஊற்றினார். ஐஸ் கட்டிகள் கடைசியில் விழுந்தன. அவை கரைவதைக் கூட அவர்கள் நின்றுகொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

"கடைசிப் பாட்டு சுத்தமா வந்தாதான் தண்ணின்னு சொன்னேன். சுத்தமா வந்துச்சா?"

"இல்ல சார்!" எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார்.

"இப்ப யாருக்காவது தண்ணி வேணுமா?"

"வேணாம் சார்!"

"எனக்கு வேணும் சார்," என்றாள் டார்லா.

லியோனா அவளுக்கு இடது பக்கம் நின்றாள். "வாய மூடுடி, லூசு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். டார்லா அன்று கேட்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் க்ரெட்லோ அவள் கையில் உப்பு மாத்திரைதான் வைத்தார். வியர்வையில் போவது உப்பு, உப்பைத் திருப்பி உள்ளே போட்டால் போதும், தண்ணீர் குடித்தால் வயிறு கனத்து கால் சோம்பிவிடும் என்பது பட்டாளத்தில் அவர் கற்றுக்கொண்டு வந்த வைத்தியம். டார்லா அந்த மாத்திரைகளை எச்சில்கூட இல்லாத வாயில் போட்டு மென்று விழுங்கினாள். மெல்லும் சத்தம் லியோனாவுக்குக் கேட்டது.

"உனக்கு வேணுமாம்மா? ராணிக்கு மட்டும் தனியா கொண்டுவரச் சொல்லட்டுமா?" க்ரெட்லோ சிரித்தார். பயந்துபோய் சில பிள்ளைகளும் சிரித்தார்கள். "முதல்லேருந்து வாசிங்க. பியூகிள் மேல!"

காகித மில்லுக்குப் பின்னால் இருக்கும் பேஸ்பால் மைதானம் அது. மில்லின் அழுகின முட்டை நாற்றம் வெயிலில் இன்னும் கனமாக இறங்கியிருந்தது. ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு முன் முழு உடுப்பில் ஒத்திகை என்று சொல்லி, கழுத்துவரை பட்டன் போட்ட கம்பளிக் கோட்டும், தாடை வாரோடு உயரத் தொப்பியும் மாட்டவைத்திருந்தார். பாட்டு பாதி வந்திருக்கும். டார்லாவின் பியூகிள், அந்தப் பித்தளை ஊதுகொம்பு, முதலில் கீழே விழுந்தது. அப்புறம் டார்லா.

"பொசிஷன்!" க்ரெட்லோவின் குரல் மைதானத்தை அறுத்தது. "நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!"

ஒருத்தரும் அசையவில்லை. அதுதான் லியோனாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. ஒரு வரிசையில் யாராவது விழுந்தால், விழுந்தவரைப் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, பின்னால் வருகிறவர்கள் சுற்றிப் போக வேண்டும், தூக்குவதற்கு வேறு ஆள் வரும். மூன்று கோடைகளாக அவர்கள் உடம்பில் ஏற்றியிருந்த பாடம். டார்லாவின் கை லியோனாவின் வெள்ளை ஷூவின் மேல் கிடந்து நடுங்கியது. லியோனா நேராகப் பார்த்துக்கொண்டு, பியூகிளை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடை வாருக்குள் ஓடியது. அந்த ஆள் எப்போது "ரிலாக்ஸ்" என்று சொல்லுவான் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

*

ஓல்ட் ஃபெர்ரி சின்ன ஊர். ஒரு மில், ஒரு ஆறு, இரண்டு சர்ச், கணக்கில்லாத பீர் கடை. க்ரெட்லோ நடத்தும் ஃபெர்ரிமென் பியூகிள் குழு ஒன்றுதான் அந்த ஊர்ப் பெயரை விஸ்கான்சின் மாநிலத்தில் நாலு பேர் சொல்ல வைத்தது. லியோனாவும் டார்லாவும் பன்னிரண்டு வயதில் ஒரே நாளில் சேர்ந்தார்கள். குளிர்காலம் முழுக்க சர்ச்சின் நிலவறை ஹாலில் நடைப் பயிற்சி. லியோனாவின் பாதம் வெளிப்பக்கம் திரும்பி விழும். டார்லா அவளுக்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள்: வாத்து. தெரு முனையில் வரிசை வலது பக்கம் திரும்பும்போது இடது பக்கம் இருப்பவர்கள் பெரிய எட்டாக வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டார்லா உதடு அசையாமல் சொல்லுவாள்: "எட்டி வைடி, வாத்து." கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் பியூகிளின் வாய் பனியில் உறைந்து லியோனாவின் உதட்டுத் தோலைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது, டார்லாதான் தன் கையுறையைக் கழற்றி ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "கவலைப்படாத, உனக்கு முத்தம் குடுக்க எவனும் க்யூவுல நிக்கல," என்றாள்.

பஸ்ஸின் பின் சீட்டில் இருவரும் ஒரே போர்வைக்குள் தூங்கிக்கொண்டு எத்தனை ஊர் போயிருப்பார்கள். யாருடைய தொப்பி இறகு யாருடைய டப்பாவில் என்றுகூடத் தெரியாது.

இப்போது டார்லா கவுன்ட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் அடிவாங்கிவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள். ஏன் என்று ஊருக்குச் சொன்னது க்ரெட்லோ. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே டார்லாவின் அம்மா ஐரீனின் தோளைத் தொட்டு, வருத்தமான முகத்தோடு சொன்னார்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்க இளைக்கணும்னு ஏதேதோ மாத்திரை போட்டுக்குதுங்க. நான் கண்ணால பாக்கல. ஆனா கேள்விப்பட்டேன். நீங்கதான் கொஞ்சம் கவனிக்கணும்."

அவ்வளவுதான். மறுநாள் பேக்கரியில் அதே பேச்சு, முடி வெட்டும் கடையில் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் லியோனாவின் காதுபடவே ஒரு பெண் சொன்னாள்: "பாவம் ஐரீன், புருஷன் போனதுலேருந்து தனியாளா வளத்தா. பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளே."

*

லியோனா ஆஸ்பத்திரிக்குப் போனபோது டார்லா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் வீங்கி, கண் சிறுத்துப்போயிருந்தது. அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது.

"வந்துட்டியா வாத்து. பூவா? எதுக்குடி பூ, செத்தா போயிட்டேன்?"

"எங்கம்மா குடுத்துவிட்டாங்க."

"எங்கம்மா என் டிராயரக் கொட்டிக் கவுத்துட்டாங்க, தெரியுமா? மெத்தையத் தூக்கிப் பாத்திருக்காங்க. கிடைச்சது என்ன? பெப்பர்மின்ட் மிட்டாயும் உன்னோட ஒத்தக் காலுறையும்." டார்லா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உண்மையச் சொல்லு, சொல்லுன்னு என்னையே கேக்குறாங்க. சொன்னேன். நம்பல. பெரிய மனுஷன் பொய் சொல்லுவாரான்னு கேக்குறாங்க."

லியோனா பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பக்கத்துலதான நின்ன. தண்ணியக் கொட்டினதப் பாத்தல்ல?"

"பாத்தேன்."

"எங்கம்மாகிட்ட சொல்றியா?"

லியோனா போய்ப் பூவை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அவளுடைய அப்பா மில்லில் க்ரெட்லோவுக்குக் கீழே வேலை பார்த்தார். பேப்பர் சுருளும் மூன்றாம் மெஷினில் யார் எந்த ஷிஃப்ட், யாரை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் க்ரெட்லோ கையில். டார்லாவுக்கு அது தெரியாதா என்ன. தெரிந்துதான் கேட்டாள்.

"சரி, விடு," என்றாள் டார்லா, திரும்பவும் சுவர் பக்கம் புரண்டுகொண்டே. "என் இடத்தையாவது விட்டு வைங்க. அந்தக் கொழுக்கட்டை பில்லியக் கொண்டாந்து நிறுத்திடாதீங்க."

அது ஒன்றும் பெரிய வேண்டுகோள் இல்லை. ஃபெர்ரிமென்னில் யார் இல்லாவிட்டாலும் அவர் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டுத்தான் நடப்பார்கள். அதே வரிசைப் பையன் ஆர்லன் காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோதும் அவன் இடம் போட்டி மைதானம் முழுக்க அவர்களோடு நடந்தது, திரும்பியது, நின்றது. பக்கத்தில் இருப்பவர்கள் இல்லாத தோளுக்குத் தங்கள் தோளை அளந்து வைத்துக்கொள்வார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்யும்.

அன்று இரவு சாப்பாட்டில் லியோனா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேன், உப்பு மாத்திரை, ஷூவின் மேல் கிடந்த கை. அப்பா முட்டைக்கோஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே கேட்டார். முடித்ததும் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"நல்லது. சொல்லாத."

"அப்பா, டார்லா மாத்திரை சாப்பிட்டான்னு ஊரே பேசுது!"

"ஊரு நாளைக்கு வேற ஒண்ணப் பேசும். க்ரெட்லோ என்ன மெஷின்லேருந்து தூக்கிட்டா நம்ம வீட்டு அடுப்பு எரியாது. நீ பதினஞ்சு வயசுப் பொண்ணு, உன் பேச்ச எவன் கேப்பான்?" அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். "வாயத் தொறந்தா உன்னத்தான் முதல்ல வெளிய தள்ளுவான் அந்த ஆளு. அப்புறம் என்ன."

லியோனாவுக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பயம்தான் தெரிந்தது. அவளுடைய முகமும் கண்ணாடியில் அப்படித்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

*

நான்காம் தேதி காலையில் பால் பண்ணைக்குப் பின்னால் வரிசை கூடியது. வெயில் ஏறுமுன்னே கம்பளிக் கோட்டுக்குள் முதுகு நனைந்துவிட்டது. டிரம்காரர்கள் தோல் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். கொடி பிடிக்கும் பெண்கள் ஒருத்தி காலுறையை ஒருத்தி சரி பார்த்தார்கள். க்ரெட்லோ வெள்ளைச் சட்டையில், கையில் உப்பு மாத்திரை ஜாடியோடு, வரிசை வரிசையாக வந்தார். ஆளுக்கு இரண்டு.

"ஐயோ, இன்னிக்கு மெயின் சாப்பாடு வந்துருச்சு," என்றான் ஆர்லன், லியோனாவின் வரிசையிலேயே டார்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். பதினேழு வயது, வாய் நீளம். "சார், கூட ஒரு பீர் கிடைக்குமா?"

"வாயாடி. பியூகிள்ல காட்டு அத," என்றார் க்ரெட்லோ. அவனைத் தாண்டி, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து நின்றார். "இது என்ன?"



"டார்லா இடம் சார்," என்றாள் லியோனா. குரல் அவளுக்கே கேட்டதோ இல்லையோ.

"மூடுங்க அத. நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நின்னு அஞ்சு பேர் அகலத்த நிரப்புங்க. பாக்குறவனுக்குத் தெரியக் கூடாது."

"சார், நாம எப்பவும் காலியா விட்டுத்தான..." என்று ஆர்லன் ஆரம்பித்தான்.

"எப்பவும் விடுறது போட்டியில. இது நம்ம ஊரு. காலியா இருந்தா கேப்பாங்க, யாரு, என்ன, ஏதுன்னு. புரியுதா?" அவர் கண் லியோனாவின் மேல் வந்து நின்றது. "உங்கப்பா நல்லா இருக்காரா, லியோனா? அடுத்த வாரம் பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்தலாம்னு இருக்கேன்."

லியோனா வலது பக்கம் ஒரு எட்டு நகர்ந்தாள். ஆர்லன் இடது பக்கம் நகர்ந்தான். டார்லா இல்லாமல் போனாள்.

மாத்திரைகளை லியோனா விழுங்கவில்லை. கையுறைக்குள் வைத்துக்கொண்டாள். பிசுபிசுத்தன.

டிரம் எழுந்தது. ஃபெர்ரிமென் மெயின் தெருவுக்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலியில் ஊரே உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் நடைபாதையை ஒட்டி க்ரெட்லோ வரிசைக்குச் சமமாக நடந்து வந்தார். முதல் தெரு முழுக்க லியோனா அவர் சொன்னபடியே நடந்தாள். வாசித்தாள். அப்பா தபால் நிலையத்துக்கு எதிரே நிற்பது கண் ஓரத்தில் தெரிந்தது, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு. கோபம் ஒவ்வொரு எட்டிலும் குதிகாலிலிருந்து ஏறியது. பயம் அதைப் பிடித்து இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் மூச்சு போதாமல் ஒரு ஸ்வரம் பிசிறடித்தது.

பேங்க் முனையில் வரிசை வலது பக்கம் திரும்ப வேண்டும். லியோனா காத்திருந்தாள். காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பும் இடம் வந்தது. எட்டி வைடி, வாத்து. அந்தக் குரல் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஆர்லனின் முழங்கை இருந்தது.

லியோனா எட்டி வைத்தாள். இடது பக்கம், தன்னுடைய பழைய இடத்துக்கு.

அவளுக்கு இடது பக்கம் நடந்த பெண் ஒன்றும் யோசிக்கவில்லை. வலது தோளோடு இடைவெளி காக்க வேண்டும் என்று க்ரெட்லோதானே மூன்று கோடையாக அவள் எலும்பில் அடித்து ஏற்றினார். அவளும் தள்ளிப் போனாள். ஆர்லன் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தான். பியூகிளின் பின்னால் அவன் கன்னம் சிரிப்பில் உப்பியது. அடுத்த தாளத்தில் அவன் வலது பக்கம் போனான். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குத் தெரு தெரிந்தது.

"மூடு!" நடைபாதையிலிருந்து க்ரெட்லோ சீறினார். "லியோனா! மூடு அத!"

அவள் மூடவில்லை.

அப்போதுதான் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. அந்த ஊர் தன் தெருவில் காலி இடத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் டிரம் வரிசையில். அங்கே டிரம் அடித்த யூஜின் வியட்நாம் போரிலிருந்து சவப்பெட்டியில் திரும்பி வந்த வருடம். அன்றைக்கு அந்த இடம் தாண்டிப் போகும்போது ஊரே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது. இன்றைக்கும் ஒரு கிழவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பேச்சு அடங்கியது. லியோனாவுக்குப் புரிந்தது. ஐயோ, தப்பாக நினைக்கிறார்கள். செத்துப்போய்விட்டாள் என்று நினைக்கிறார்கள்.

சர்ச்சின் பலகாரக் கடை அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் இருந்தது. விடியற்காலையிலிருந்து அங்கே செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள் ஐரீன். மகளோடு சண்டை போட்டுவிட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். சத்தம் அடங்கியதும் நிமிர்ந்தாள். கழற்றின தொப்பிகளைப் பார்த்தாள். அவை எதற்கு முன்னால் இறங்குகின்றன என்று பார்த்தாள். ஆர்லனுக்கும் லியோனாவுக்கும் நடுவில்.

கத்தி மேஜையில் விழுந்தது. அவள் தெருவோரம் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடி வந்தாள்.

"எப்ப?" என்று அலறினாள். "யாரு ஃபோன் பண்ணினது? ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல? எப்பப் போனா என் பொண்ணு?"

அவள் நேரே காலி இடத்துக்குள் வந்து நின்றாள். முன் வரிசை நடந்துகொண்டே போனது. பின்னால் வந்த பிள்ளைகள், பழக்கப்படியே, அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் லியோனாவின் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். லியோனாவின் உதட்டில் பியூகிள் இன்னும் இருந்தது. அசையக் கூடாது. பார்க்கக் கூடாது.

"நட!" க்ரெட்லோ ஓடி வந்தார். "பொசிஷன்! லியோனா, நடன்னு சொல்றேன்! ஐரீன், வாங்க இப்படி, ஒண்ணுமில்ல, வாங்க..."

லியோனா பியூகிளைக் கீழே இறக்கினாள்.

"ஆன்ட்டி, அவ உயிரோடதான் இருக்கா! சாகல! சாகல ஆன்ட்டி!" குரல் அழுகையிலும் ஆத்திரத்திலும் கிழிந்தது. "நான்தான் இடம் விட்டேன், அவ கேட்டா, அதுக்குத்தான். அவ ஒரு மாத்திரையும் சாப்பிடல! இளைக்கிற மாத்திரை எதுவுமே இல்ல. இந்த ஆளு குடுத்த உப்பு மாத்திரைதான். மூணு தடவ தண்ணி கேட்டா. மூணு தடவ! இந்த ஆளு எங்க முன்னாலயே கேனத் திறந்து புல்லுல கொட்டினாரு. அவ விழுந்தா, யாரும் அசையாதீங்கன்னாரு. அவ கை என் ஷூ மேல கிடந்துச்சு ஆன்ட்டி."

டிரம் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவர்களைச் சுற்றி மட்டும் ஊர்வலம் நின்றுவிட்டது.

"பச்சப் பொய்," என்றார் க்ரெட்லோ. அவர் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "வெயில்ல மூள கலங்கிருச்சு பொண்ணுக்கு. ஒருத்தியாவது, ஒருத்தனாவது இப்படிச் சொல்லட்டும் பாப்போம்."

லியோனா கையுறையைக் கழற்றினாள். காலையில் விழுங்காத இரண்டு மாத்திரைகளும் வியர்வையில் ஒட்டிக்கொண்டு உள்ளங்கையில் இருந்தன. அவற்றை ஐரீனிடம் நீட்டினாள். "இதான் ஆன்ட்டி. எல்லாருக்கும் குடுப்பாரு. இன்னிக்கும் குடுத்தாரு. தண்ணி கிடையாது."

"ஐஸு கடைசியாத்தான் விழுந்துச்சு," என்றான் ஆர்லன். அவனும் நின்றிருந்தான். முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. "நான் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நக்கியாவது குடிக்கலாம்னு இருந்துச்சு எனக்கு."

பின் வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "ராணின்னு சொல்லிச் சிரிச்சாரு." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஐரீன் க்ரெட்லோவைப் பார்த்தாள். கையில் செர்ரிச் சாறு சிவப்பாக வழிந்தது. கத்தவில்லை இப்போது.

"என் பொண்ணோட மெத்தையத் தூக்கிப் பாத்தேன் நான்," என்றாள். "அவ முகத்துல துப்பாத குறையா திட்டிட்டு வந்தேன், நேத்து. உன் பேச்சக் கேட்டு."

"ஐரீன், நான் கேள்விப்பட்டதத்தான்..."

"யாருகிட்டக் கேள்விப்பட்ட? பேர் சொல்லு."

க்ரெட்லோ வாயைத் திறந்தார். தெரு முழுக்கத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. பெயர் எதுவும் வரவில்லை.

"சாவி குடுங்க யாராவது," என்றாள் ஐரீன் கூட்டத்தைப் பார்த்து. "கார் சாவி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே." இரண்டு மூன்று கைகள் ஒரே நேரத்தில் பாக்கெட்டுக்குள் போயின. போகிற போக்கில் அவள் லியோனாவின் கன்னத்தைத் தொட்டாள். சிவப்புக் கறை ஒட்டிக்கொண்டது.

க்ரெட்லோ அவள் போகும்வரை காத்திருந்தார். பிறகு லியோனாவின் பக்கம் குனிந்து, பிறர் காதில் விழாதபடி சொன்னார்: "கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. உனக்கு இனி இங்க வேல இல்ல. உங்கப்பனையும் பாத்துக்கிறேன்."

லியோனாவின் பயம் எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டிருந்தது.

"கழட்ட மாட்டேன்," என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "பாத்துக்குங்க. இன்னொரு தடவ சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும், எங்கப்பாவ என்ன பண்ணுவீங்கன்னு."

உடுப்பு போட்டிருக்கும்போது உட்காரக் கூடாது. சாப்பிடக் கூடாது. குடிக்கக் கூடாது. சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் சட்டம் அது. லியோனா நடைபாதை விளிம்புக்குப் போனாள். வெள்ளைப் பேன்ட் அழுக்காவதைப் பார்த்துக்கொண்டே, முழு உடுப்பில், தொப்பியோடு, ஓரக் கல்லில் உட்கார்ந்தாள். தாடை வாரை அவிழ்த்தாள். யாரோ ஒரு அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து தண்ணீர் டம்ளரை நீட்டினாள். லியோனா வாங்கி அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் கம்பளிக் காலருக்குள் வழிந்தது. ஆர்லன் பக்கத்தில் வந்து, டார்லா அகலத்துக்கு இடம் விட்டு, உட்கார்ந்தான்.

"பீர் இருக்கான்னு கேளு," என்றான்.

"கொன்னுருவேன்."

பின் வரிசைச் சின்னப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இடது பக்கத்துப் பெண். முன்னால் டிரம்கள் ஒவ்வொன்றாகத் தாளம் தப்பி நின்றன. க்ரெட்லோ "பொசிஷன்" என்று கத்தினார். கொடி பிடித்தவர்கள் சிலர் நேராக நின்றார்கள். மற்றவர்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றிக் கூடினார்கள்.

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது. க்ரெட்லோவைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்து லியோனாவால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடிக்க வருகிறாரோ, கூட்டிப்போக வருகிறாரோ.

அவள் எழுந்திருக்கவில்லை. டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு குடுங்க," என்றாள்.